பத்து மாத வாடகை

ஊட்டியில் நான் குடியிருந்த அறை, வருடத்தில் பத்து மாதம்தான் என்னுடையது. மீதி இரண்டு மாதம் அது ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு. ஜூனில் படிக்கிற பையனுக்கு விடுவார்கள், மார்ச் முடிந்ததும் காலி செய்யச் சொல்வார்கள். சீசன் முழுக்க அதே அறையை நாள் வாடகைக்கு விட்டு, ஒரு பையன் பத்து மாதத்தில் கொடுத்ததை இரண்டு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அதனால்தான் மற்ற மாதங்களில் வாடகை குறைவு.

இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு மாதம் தங்க வேண்டியவன் பத்து மாத வாடகையில் ஒரு படிப்பாண்டை முடிக்கப்போகிறான். நான் பி.காம். மாணவன் வேறு. அறையைப் பகிர்ந்துகொள்ள வந்த மேட்டுப்பாளையத்துக்காரனிடம் இந்த லாபத்தை ஒரு தாளில் போட்டே காட்டினேன். அவன் வேதியியல் படிப்பவன். "நீ கணக்குப் படிக்கிறவன், நீ சொன்னா சரிடா" என்று முன்பணத்தில் பாதியைக் கொடுத்தான். அவன் செய்த ஒரே தவறு அதுதான்.

வீட்டுக்கார அக்காவிடம் நான் வாடகையைக் கேட்டேன். தண்ணீர் வருமா என்று கேட்டேன். கரண்டுக்குத் தனியாகத் தர வேண்டுமா என்று கேட்டேன். கல்லூரியில் யாரிடமும் பரீட்சை எந்த மாதம் என்று மட்டும் கேட்கவில்லை.

அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம். சாலையோரம் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் சரிவில் படிகள் இறங்கும். இறங்கினால் எங்கள் அறை, அதற்கும் கீழே யாரோ ஒருவரின் கேரட் தோட்டம். அக்காவின் மனநிலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. "வாப்பா, என்னப்பா வேணும்" என்றால் எல்லாம் நலம். "ஏனுங்க தம்பி" என்று ஆரம்பித்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. அவருடைய மரியாதை கூடக்கூட எங்களுக்கு ஆபத்தும் கூடும்.

எங்கள் வீடு நாடுகாணிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவின் கூலி கடனுக்கும் தங்கையின் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். நான் அம்மாவின் சம்பளப் பிரிவில் வருவேன். அம்மா எந்தச் செலவையும் ரூபாயில் சொல்ல மாட்டார், பேரில்தான் சொல்வார். ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் ஒரு பேர், மத்தியானத்தோடு நிறுத்திவிட்டால் அரைப்பேர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது மூட்டைமுடிச்சோடு கொண்டுவந்த சொல் அது. நான் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன் என்றால், "நல்லாருக்கு மகன், ரெண்டு பேர் இருக்குமா?" என்பார். குறை சொல்கிற குரலே இருக்காது. அதைக் கேட்டபிறகு அந்த ஸ்வெட்டரைப் போடும்போதெல்லாம் இரண்டு நாள் கொழுந்து என் முதுகில் இருக்கும்.

ஆகவே சிக்கனம் என் மதமாயிற்று. உதவித்தொகை வரும் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்வார்கள், மழை வரும் என்று சொல்கிற அதே உறுதியோடு. அதுவரைக்கும் அம்மா சம்பளத்தன்று போனில் அனுப்புவதுதான். பேக்கரியில் ஊட்டி பிஸ்கட்டான வர்க்கியை முழுசாக வாங்கியது கிடையாது. தட்டின் அடியில் சேரும் உடைசலை மாலையில் பொட்டலமாகக் கட்டி விலை குறைத்துத் தருவார்கள், அதுதான் எங்கள் சிற்றுண்டி. தேநீரில் கொட்டிக் கரண்டியால் சாப்பிட்டால் முழு வர்க்கியே தோற்றுவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். பொட்டானிக்கல் கார்டனை வெளிக்கேட்டோடு பார்ப்பேன், உள்ளே டிக்கெட். ஆனால் சிக்கனத்தில் நான் எட்டிய சிகரம் என்றால் அது குளியல்தான்.

ஊட்டிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்ற ஒரு வீரம் வேண்டும், சுடுதண்ணீருக்குப் பணம் வேண்டும். இரண்டும் இல்லாதவன் குளிக்காமல் இருப்பதே அறிவு. சோப்பு மிச்சம், விறகு மிச்சம், துண்டுகூடப் பழசாகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அக்கா கொல்லை அடுப்பில் அண்டா வைத்து ஆளுக்கு அரை வாளி தருவார். மேட்டுப்பாளையத்தான் அதையும் குரங்குக் குல்லாவைக் கழற்றாமல் குளிப்பான். அம்மா போனில் தினமும் கேட்கும் கேள்விகள் இரண்டு: "சாப்பிட்டியா மகன்? குளிச்சியா?" முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்வேன்.

பிப்ரவரி முடியும்போது கால அட்டவணை ஒட்டினார்கள். எல்லாத் தாள்களும் மே மாதம்.

நான் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். மேட்டுப்பாளையத்தான் ஒரே முறைதான் படித்தான்.

"அந்த லாபக் கணக்குத் தாள வெச்சிருக்கியாடா?"

"எதுக்கு?"

"சும்மா. சட்டம் போட்டு மாட்டலாம்னு."

அன்று மாலை கடைக்குப் போனோம். அக்கா எங்களைப் பார்த்ததும், "ஏனுங்க தம்பி, மார்ச் கடைசில காலி பண்ணிருவீங்கல்ல? வெள்ளையடிக்க ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்" என்றார். எங்கள் வாயைத் திறக்க விடாமல் வார்த்தைக்கு வார்த்தை அத்தனை மரியாதை.

தேர்வுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. எழுதாமல் விட்டால் ஒரு வருடம் போகும், கட்டணச் சலுகையும் போகும். அப்புறம் அம்மா எத்தனை பேர் போட்டும் என்னை மறுபடி கல்லூரிக்கு அனுப்ப முடியாது. எனக்கு வேண்டியதெல்லாம் மே மாதத்தில் ஊட்டியில் தலைசாய்க்க ஒரு இடம். விடுதியில் இடமில்லை. ஒரு லாட்ஜில் விலை கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் சொன்ன தொகையை மனசுக்குள் அம்மாவின் மொழிக்கு மாற்றிப் பார்த்தேன்: ஒரு ராத்திரிக்கு ஒன்பது பேர். அம்மா ஒன்றரை வாரம் மலையில் நின்று பறித்தால் நான் ஒரு இரவு புரண்டு படுக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டிலிருந்தே வந்து போனால் என்ன? ஏப்ரலில் அறையைக் காலி செய்து ஊருக்குப் போனவன் அதையும் ஒரு நாள் ஒத்திகை பார்த்தேன். நாடுகாணியில் விடிவதற்குள் முதல் பஸ். கூடலூர் வரைக்கும் பரீட்சையில் முதல் மதிப்பெண் எனக்குத்தான் என்கிற வேகத்தில் வந்தது. நடுவட்டம் ஏறியதும் மெதுவானது. பைக்காராவில் நின்றேவிட்டது. படகுத்துறைக்குத் திரும்புகிற கார்கள் சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் இறங்கி டீ குடித்தார், பஜ்ஜி சாப்பிட்டார், இரண்டாவது டீயும் குடித்தார்.

"அண்ணா, பத்து மணிக்குள்ள ஊட்டி போயிருமா?"

"எதுக்கு தம்பி?"

"பரீட்சை. இன்னைக்கு இல்ல, அடுத்த மாசம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இன்னைக்கே கெளம்புனது நல்லதுதான்" என்றார்.

ஊட்டி போய்ச் சேர்ந்தபோது கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. நேராக அக்காவின் கடைக்குப் போனேன். மேட்டுப்பாளையத்தான் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். கீழேயிருந்து மலையேறும் நெரிசலில் அவனும் அதே ஒத்திகையைப் பார்த்திருக்கிறான். ஒரே பெஞ்சில் இரண்டு தோல்விகள்.

கீழே படிகளில் யாரோ பெட்டியைத் தூக்க முடியாமல் திட்டிக்கொண்டே ஏறும் சத்தம் கேட்டது. அக்கா முகத்தைச் சுளித்தார். "இப்படித்தான் தெனமும். பெட்டி தூக்க ஆளில்ல, சுடுதண்ணி போட ஆளில்ல. கடையப் பாக்கறதா, இவங்களப் பாக்கறதா?"

அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வணிகவியல் விழித்தது.

"அக்கா, நாங்க பாத்துக்கறோமுங்க. பெட்டி, சுடுதண்ணி, ரூம் கூட்டறது எல்லாமே. சம்பளம் வேண்டாம். விறகுக் கொட்டகையில படுத்துக்கறோம். பரீட்சை முடியறவரைக்கும்."

அக்கா யோசித்தார். மேட்டுப்பாளையத்தான் என் காதில், "என்னையக் கேக்கவே மாட்டியாடா?" என்றான்.

"செரி," என்றார் அக்கா. "ஆனா ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் அன்னைக்கே மூட்டையக் கட்டிறோணும். வர்றவங்க போன்ல ஸ்டார் போடறாங்க. ரெண்டு ஸ்டார் போட்டான்னா என்ற சீசனே போச்சு."

இப்படியாக, நான் பத்து மாதம் வாடகை கொடுத்த அறைக்கு வேலைக்காரனாகச் சேர்ந்தேன்.

கொட்டகையில் ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் காலி சோடாப் பெட்டிகள், நடுவில் நாங்கள். வாடகை இல்லாத அறையில் குறை சொல்லக்கூடாது என்று முடிவெடுத்திருந்ததால், கூரை ஒழுகும் இடத்தில் மேட்டுப்பாளையத்தானைப் படுக்க வைத்தேன். பகலில் படிப்பு, இடையில் பெட்டி. என் பழைய அறைக்குள் தலையணை உறை மாற்றப் போகும்போதெல்லாம் ஒரு விசித்திரமான உணர்வு. வெள்ளையடித்தும் நான் பென்சிலால் சுவரில் எழுதிவைத்திருந்த சூத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு அம்மாள் அதைக் காட்டி, "யாரோ படிக்கிற பையன் இருந்திருக்கான் போல. பாவம், செவுத்துலெல்லாம் எழுதிப் படிச்சிருக்கான்" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "தங்கமான பையன்."

ஒருவர் பொட்டானிக்கல் கார்டனில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டார். வெளிக்கேட்டைப் பற்றி நான் விளக்கியதில் அவர் அசந்துபோனார்.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. ஆறு பேர் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். இறங்க இறங்க ஒன்பது பேர் ஆனார்கள். மொத்தச் சாமானையும் படியிறக்கி முடிக்க இருட்டிவிட்டது. குடும்பத்தின் பெரியவர் நல்ல பருமன், நல்ல குரல்.

"தம்பி, காலைல ஏழரைக்கு எல்லாருக்கும் வென்னி வேணும் பாத்துக்க. ஆளுக்கு ஒரு வாளி. எட்டரைக்கு நாங்க ஊர் சுத்தக் கெளம்பணும்."

"தந்துறலாமுங்க," என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அன்று இரவு முழுக்க மழை. விடிந்து பார்த்தால் வெளியே அடுக்கியிருந்த விறகெல்லாம் ஊறிக்கிடந்தது. கொட்டகைக்குள் இருந்ததிலும் பாதி, கூரை ஒழுகி மேட்டுப்பாளையத்தானோடு சேர்ந்து நனைந்திருந்தது. அடுப்பில் புகை மட்டும் வந்தது. நாங்கள் மாறி மாறி ஊதினோம். கையில் அடக்கவிலைக் கணக்கியல் நோட்டு, அதாலேயே விசிறினேன். பல நாட்களாக அந்த நோட்டுக்கு நான் கொடுத்த உருப்படியான வேலை அதுதான். ஏழரை மணிக்கு அண்டாவில் தண்ணீர் இளஞ்சூடு. எட்டுக்கு இரண்டு வாளி தேறியது. அண்டாவை மறுபடி நிரப்பினால் அடுத்த இரண்டு வாளிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

"ஒம்பது வாளி எப்படா முடியும்?" என்றான் மேட்டுப்பாளையத்தான்.

கணக்குப் போட்டேன். "பதினொண்ணு ஆயிரும்."

"பரீட்சை பத்துக்கு."

"தெரியும்."

"தண்ணி குடுக்காமப் போனா கம்ப்ளைண்ட். அடுத்த பரீட்சைக்கு எங்க தங்கறது?"

"தெரியும்டா."

"குடுத்துட்டுப் போனா இன்னைக்குப் பரீட்சை இல்ல."

"தெரியும்ங்கறேன்ல."

"உனக்குத் தெரியாதது பரீட்சை எந்த மாசம்ங்கறது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.

இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனோம். கதவைத் தட்டினேன். பெரியவர் திறந்தார். மேலே ஒரு கம்பளி, அதற்கு மேலே ஒரு பெட்ஷீட். உள்ளே எட்டுப் பேரும் ஒரே தடித்த ரஜாய்ப் போர்வைக்குள் முடிந்தவரை புதைந்து கிடந்தார்கள். கதவு திறந்ததால் வந்த குளிருக்கு உள்ளேயிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஒருவர் முகத்திலும் குளிக்கும் ஆசை துளியும் இல்லை. பத்து மாதமாக நான் கண்ணாடியில் பார்த்த அதே முகம்.

பயம் போய்விட்டது. இவர்கள் என் ஆட்கள்.

"ஐயா, சுடுதண்ணி ரெடிங்க. முதல்ல யாருங்க குளிக்கறது?"

ரஜாய் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"ஆனா ஒண்ணு சொல்லணுமுங்க," என்று குரலைத் தாழ்த்தினேன். "இந்த ஊர்க்காரங்க யாரும் காலைல குளிக்க மாட்டாங்க."

"அப்படியா? ஏன்?"

"மழை பேஞ்ச மறுநாள் காலைல சுடுதண்ணில குளிச்சுட்டு வெளிய போனா, உடம்புச் சூட்டுக்கும் வெளிக் குளிருக்கும் ஒத்துக்காதுங்க. அன்னைக்கே ஜலதோசம். ஊர் சுத்திட்டு சாயங்காலம் வந்து குளிச்சா அலுப்பும் போயிரும், தூக்கமும் நல்லா வரும். வருசம் பூரா இங்கயே இருக்கறேன். நான் காலைல குளிச்சதே இல்லைங்க."

கடைசி வாக்கியம் நூறு சதம் உண்மை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தான் பக்கத்தில் நின்று, குல்லாவுக்குள்ளிருந்து கனமாகத் தலையாட்டினான். அவனைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

ரஜாய்க்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நான் ராத்திரியே சொன்னேன்லா, குளிக்காண்டாம்னு. கேட்டியளா?"

"நீ எப்பச் சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

இன்னொரு குரல்: "ஊர்க்காரத் தம்பியே சொல்லுது. பொறவு என்ன, மூஞ்சியக் கழுவிட்டுக் கெளம்புங்க."

பெரியவர் முகம் மலர்ந்தது. அவர்தான் எல்லாரையும் குளிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டளையிலிருந்து அவரையும் யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது. "ஊர் வழக்கம்னா மீறப்பிடாதுல்லா," என்று பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சாயங்காலம் வந்து குளிக்கோம். இந்த வென்னியில ஒரு செம்பு மட்டும் குடு, பல்லு தேய்க்க. மிச்சத்த நீங்களே வச்சுக்கிடுங்க."

இரண்டு வாளி, ஒரு செம்பு குறைய, எங்களுடையது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொல்லைக் குளியலறை ஒன்றுதான். யார் முதலில் என்று சண்டை போட நேரமில்லை. இரண்டு பேரும் உள்ளே நுழைந்து, ஆவி பறக்கப் பறக்க ஆளுக்கு ஒரு முழு வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். மேட்டுப்பாளையத்தான் குல்லாவைக் கழற்றினான். அவனுக்கு அவ்வளவு முடி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். சோப்பு நுரை கழுத்திலிருந்து இறங்கியபோது அவன் ஏதோ பாட ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் வரி தெரியாது. ஊட்டி முழுக்க, காலையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

கல்லூரிவரை ஓடினோம். மணி அடிக்கும் முன் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் என் பக்கமாக வந்தவர் நின்று, மூக்கை உறிஞ்சினார். வழக்கமான காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சோப்பு வாசனையோடு விறகுப் புகையும் கலந்த ஒன்றை அவர் அதற்குமுன் முகர்ந்திருக்க மாட்டார். கேள்வித்தாளில் ஒரு பொருளின் அடக்க விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். மூலப்பொருள், கூலி, எரிபொருள். ஈர விறகை நினைத்துக்கொண்டே எழுதினேன். நன்றாகவே வந்தது.

முடிந்து வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

"எழுதிட்டியா மகன்?"

"எழுதிட்டேன்மா. நல்லா எழுதியிருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"குளிச்சிட்டுத்தான போன?"

"ஆமாம்மா."

அம்மா "நெசமாவா?" என்றார்.

அப்படியானால் இந்தப் பத்து மாதமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கூட நடந்தவர்களிடம் ஏதோ சொன்னார், அவர்களும் சிரிப்பது போனில் கேட்டது.

சாயங்காலம் நாங்கள் கடைக்குத் திரும்பியபோது வேன் குடும்பம் ஊர் சுற்றி முடித்து வந்து, டீ குடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அக்காவிடம் உரத்த குரலில், "உங்க பையனுவ ரெண்டு பேரும் நல்ல விவரம். அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்" என்றார். சாயங்காலக் குளியலைப் பற்றி அவரும் பேசவில்லை, குடும்பத்தில் வேறு யாரும் நினைவூட்டவில்லை. அவர்கள் கீழே போனதும் அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இந்த ஊர்ல காலைல குளிக்க மாட்டாங்களாமா?"

நான் சோடாப் பெட்டிகளை எண்ணுவதுபோல் நின்றேன்.

"நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாச்சு. தெனமும் காலைல குளிக்கறேன். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

"அக்கா, அது வந்துங்க…"

அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "நாளைக்கு ஒரு குடும்பம் வருது. அவங்களுக்கும் இதையே சொல்லிரு. விறகு விக்கற வெலைக்கு நல்ல வழக்கம்தான். பரீட்சை முடியறவரைக்கும் இருங்கப்பா, யாரும் உங்களப் போகச் சொல்ல மாட்டாங்க."

"இருங்கப்பா" என்கிறார். எல்லாம் நலம். இன்னும் ஐந்து தாள்களுக்கும் தலைக்கு மேல் கூரை உண்டு, ஒழுகினாலும். மேட்டுப்பாளையத்தான் மூச்சை விட்டான். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த பி.காம். அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தது.

"அக்கா, இந்த விறகு மிச்சத்துல வர்ற லாபத்த, அடுத்த வருச வாடகையில கொஞ்சம் கழிச்சுக்கிட்டா…"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். தலைப்பைச் சரி செய்துகொண்டார்.

"ஏனுங்க தம்பி," என்றார்.

அதற்கு மேல் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு இறங்கிவிட்டேன். ஒரு நாள் விட்டு அடுத்த தாள்.